தாலாட்டா மாறின ஒப்பாரி

1/
வழக்கமா இங்க சர்க்கரை, பிரஷர், பாம்புக்கடி, டெங்குன்னு எழுதுவேன். இன்னைக்கு மருந்து, மாத்திரை எதுவும் கிடையாது. பழைய ஒலிப்பதிவுகளைப் பத்திப் பேசப் போறேன். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டுபோகப்பட்ட மக்களோட பாட்டுங்க. அதுல நம்ம நாட்டுக்கு வந்தவங்களும் இருக்காங்க. கொஞ்சம் நீளமான இழை, டீ எடுத்துக்கிட்டு வாங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு வேலை கேட்பேன். அதுக்கு உங்க கையில இருக்கிற போனே போதும்.

2/
முதல்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டு. சிலோன் மனோகர் பாடின 'சுராங்கனி'. கல்யாண வீட்டுலயோ காலேஜ் டூர் பஸ்லயோ அதுக்கு ஆடாதவங்க குறைவு. அந்தப் பாட்டு வகைக்கு பைலான்னு பேர், இலங்கையில பிறந்தது. போர்த்துகீசியர் கொண்டுவந்த இசையும், அவங்க அடிமைகளா, சிப்பாய்களா கூட்டிட்டு வந்த ஆப்பிரிக்கர்களோட தாளமும் கலந்து 'கஃப்ரிஞ்ஞா'ன்னு ஒரு ஆட்டப்பாட்டு உருவாச்சு. பைலாவோட வேர் அதுலதான் இருக்கு. ஆக, நம்ம காலு நமக்கே தெரியாம ஆப்பிரிக்கத் தாளத்துக்கு ஆடியிருக்கு.

3/
இலங்கையில புத்தளம் பக்கத்துல சிரம்பியடின்னு ஒரு ஊர். அங்க இருக்கிற சில குடும்பங்களோட முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவங்க. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு மூணு பேர் காலத்துலயும் கொண்டுவரப்பட்டவங்க. ஆங்கிலேயர் இலங்கைப் படையில ஆப்பிரிக்கச் சிப்பாய்களை வெச்சிருந்தாங்க. படை கலைஞ்சதும் ஒரு பகுதி பேர் புத்தளத்துலயே தங்கிட்டாங்க.

தலைமுறை போகப் போக அன்றாடப் பேச்சு அக்கம்பக்கத்து மொழிக்கு மாறிடுச்சு. ஆனா 'மாஞ்சா'ன்னு அவங்க சொல்ற பாட்டு மட்டும் போர்த்துகீசியக் கலப்பு மொழியிலதான் இருக்கு. சின்னச் சின்ன வரி, திரும்பத் திரும்ப வரும். மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏறும். கூட ரபான், தேங்காய்ச் சிரட்டை, பாட்டில், கரண்டி. பாடுறவங்களுக்கே எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது.

அர்த்தம் தெரியாத பாட்டை ஒருத்தர் ஏன் பேரப்பிள்ளைக்குச் சொல்லித் தரணும்? இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

4/
இப்ப நம்ம நாட்டுக்குள்ள வருவோம். குஜராத், கர்நாடகா, ஹைதராபாத்துல ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்காங்க. சித்திகள்னு பேர். (அம்மாவோட தங்கச்சி இல்ல, இது வேற சித்தி!) எல்லாரும் அடிமையாவே இருந்துடல. தக்காணத்துல மொகலாயப் படையைத் திணறடிச்ச மாலிக் அம்பர் எத்தியோப்பியாவுல பிறந்தவர். அகமதாபாத்ல கல் ஜன்னல் வேலைப்பாட்டுக்குப் பேர்போன சீதி சையத் மசூதி 1573 வாக்குல கட்டினது. அதைக் கட்டினவரும் அந்த வம்சம்தான்.

குஜராத்துல பருச் மாவட்டத்துல ரத்தன்பூர். அங்க பாவா கோர்ங்கிற ஆப்பிரிக்கப் பெரியவரோட தர்கா இருக்கு. சித்திகள் மேளம் அடிச்சுக்கிட்டு ஆடுற ஆட்டத்துக்கு 'கோமா'ன்னு பேர். கிழக்கு ஆப்பிரிக்காவுல சுவாஹிலி மாதிரியான மொழிகள்ல 'ங்கோமா'ன்னா மேளம். மேளத்தோட ஆடுற ஆட்டத்துக்கும் அதே பேர்தான்.

அவங்க பேசுறது குஜராத்தி, சாப்பிடுறது குஜராத்திச் சாப்பாடு. மேளத்தோட பேரு மட்டும் கடல் தாண்டி வந்தபடியே இருக்கு.

5/
அவங்ககிட்ட 'மலுங்கா'ன்னு ஒரு வாத்தியம் இருக்கு. ஒரு வில், அதுல ஒரு சுரைக்குடுக்கை, நரம்பைக் குச்சியால தட்டி வாசிக்கணும். பிரேசில்ல ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் வாசிக்கிற 'பெரிம்பாவ்' பார்த்திருக்கீங்களா? கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒண்ணு இந்தியப் பெருங்கடல் வழியா வந்தது, இன்னொண்ணு அட்லாண்டிக் வழியா போனது.

நம்ம தெக்கத்திச் சீமை வில்லுப்பாட்டுலயும் ஒரு வில்லு, ஒரு குடம். அதனால மலுங்காவை முதல் தடவை கேட்டப்ப எனக்கு அது அந்நியமாவே தெரியல. இன்னைக்கு மலுங்கா வாசிக்கத் தெரிஞ்சவங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்காங்க.

6/
கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டம், எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பக்கம் சித்திகள் இருக்காங்க. அவங்க மேளம் தம்மாம். அங்க இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூணு மதத்துலயும் சித்திகள் உண்டு. மேளம் எல்லாருக்கும் பொது. 2003ல பழங்குடிப் பட்டியல்ல சேர்த்தாங்க.

ஹைதராபாத்ல 'ஏ.சி. கார்ட்ஸ்'னு ஒரு ஏரியா. ஏசி மெஷின் எதுவும் இல்லீங்க, ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ். நிஜாமோட ஆப்பிரிக்கக் குதிரைப் படை குடியிருந்த இடம். அந்த ஊர் கல்யாண ஊர்வலத்துல அடிக்கிற மர்ஃபா மேளத்துல அரபியர் கையும் இருக்கு, சித்திகள் கையும் இருக்கு.

7/
"சரி டாக்டர், இதுக்கும் நம்ம கடலூருக்கும் என்ன?"

தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போறவங்க புனித டேவிட் கோட்டையோட மிச்சத்தைப் பார்த்திருப்பீங்க. 1690ல ஆங்கிலேயர் மராட்டியர்கிட்ட வாங்கினது, 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி பிடிச்சு இடிச்சது. இந்தக் கரையில நடந்த கர்நாடகப் போர்கள்ல ஆங்கிலப் படை, பிரெஞ்சுப் படை ரெண்டுலயும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இருந்தாங்க. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து எழுதின நாட்குறிப்புல அவங்களைக் 'காப்பிரிகள்'னு சொல்றாரு. (இன்னைக்கு அந்த வார்த்தையை யாரையும் பார்த்துச் சொல்லாதீங்க. தென்னாப்பிரிக்காவுல அது மோசமான வசைச்சொல்.)

ராத்திரி காவலுக்கு நின்னப்ப அவங்க என்ன பாடினாங்க? இங்க பேச்சு வழக்குல அந்த ஒரு சொல்லு மிஞ்சுச்சு, பாட்டு மிஞ்சல. எடிசன் போனோகிராஃப் கண்டுபிடிச்சது 1877ல. கோட்டை இடிஞ்சு அதுக்குள்ள நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு.

8/
எதிர்த் திசையிலயும் கப்பல் போச்சு. 1860 நவம்பர் 16, சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. கரும்புத் தோட்ட வேலை. 1911 வரைக்கும் நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல போனாங்க. அதுல நம்ம பழைய தென்னார்க்காடு ஜில்லாக்காரங்களும் இருக்காங்க.

அந்தக் கப்பல் பட்டியல்ல பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்கு. ஆள் வேலைக்குத் தகுதியான்னு பார்த்துச் சொன்னது என் தொழில்காரங்க, டாக்டருங்க. தழும்புக்கு ஒரு கட்டம் இருந்துச்சு, குரலுக்கு இல்ல.

ஆனாலும் பாட்டு கூடவே போச்சு. நேட்டால்ல தெருக்கூத்து நடந்துச்சு. புதுச்சேரி, காரைக்கால் வழியா பிரெஞ்சுக்காரர் தீவான ரீயூனியனுக்குப் போனவங்களோட பிள்ளைங்க இப்பப் பேசுறது பிரெஞ்சும் கிரியோலும். ஆனா அவங்க கோயில் மேளத்துக்குப் பேர் 'தப்பு', 'மத்தலோன்'. நாடகத்துக்கு 'நர்ல்கோன்'. குஜராத்துல 'கோமா' மிஞ்சின மாதிரியே அங்க நம்ம தப்பும் மத்தளமும் மிஞ்சியிருக்கு.

9/
இனி ஒலிப்பதிவுக் கதைக்கு வருவோம். முதல்ல வந்தது மெழுகு உருளை. நம்ம டம்ளர் சைஸ்ல இருக்கும், ரெண்டு மூணு நிமிஷம்தான் பிடிக்கும். ஒவ்வொரு தடவை போட்டுக் கேக்கும்போதும் ஊசி கொஞ்சம் மெழுகைச் சுரண்டிடும். கேட்கக் கேட்கத் தேயும். ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும்.

நம்ம ஊருக்கு அதைக் கொண்டுவந்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? ஒரு டாக்டர்! எட்கர் தர்ஸ்டன். லண்டன்ல மருத்துவம் படிச்சவர், 1885லிருந்து எழும்பூர் மியூசியத்துக்குக் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி 1909ல ஏழு தொகுதி போட்டவர். மியூசியத்துக்கு வர்றவங்க மூக்கை எல்லாம் அளந்து எழுதினவர். இன்னைக்கு யாராவது அப்படி அளந்தா நான் சண்டைக்குப் போவேன். ஆனா அதே ஆளு ரங்காச்சாரியைக் கூட வெச்சுக்கிட்டு மெழுகு உருளையில பாட்டும் பிடிச்சாரு. அது இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. அளந்த மூக்கு இன்னைக்கு யாருக்கும் உபயோகமில்ல, பாட்டு மட்டும்தான் பேசுது.

10/
முதல் உலகப் போர் சமயம். பெர்லின் பக்கத்துல போர்க்கைதி முகாம். அங்க பிரிட்டிஷ் படையிலிருந்து பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களும், பிரெஞ்சுப் படையிலிருந்து பிடிபட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் இருந்தாங்க. 1915லிருந்து 1918 வரைக்கும் ஜெர்மன் அறிஞர்கள் அவங்க குரலைத் தட்டுல பதிவு பண்ணாங்க. நோக்கம் மொழி ஆராய்ச்சி. கைதி வேணாம்னு சொல்ற நிலைமையில இல்ல, அதையும் நாம மறக்கக் கூடாது.

ஆனா ஒண்ணு செஞ்சாங்க. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படிவம் போட்டு, பேர், பிறந்த ஊர், என்ன மொழின்னு எழுதினாங்க. நம்ம ஓ.பி. சீட்டு மாதிரி. மால் சிங்னு ஒரு பஞ்சாப் சிப்பாய், 1916 டிசம்பர் 11 அன்னைக்கு அந்தக் குழாய் முன்னாடி நின்னு ஊர் ஏக்கத்தைச் சொன்னாரு. ஊருல வெண்ணெய் தின்னு வளர்ந்தவன், இங்க வந்து மாட்டிக்கிட்டான், திரும்பிப் போகணும்னு யாரோ மூணாவது மனுஷனைப் பத்திச் சொல்ற மாதிரி தன்னைப் பத்தியே சொன்னாரு. 90 வருஷம் கழிச்சு ஒரு ஜெர்மன் இயக்குநர் அவரைத் தேடி 2007ல ஒரு படமே எடுத்தாரு. பேர் எழுதி இருந்ததாலதான் தேட முடிஞ்சுது.

11/
நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு. ஆர்னல்ட் பாக்கேன்னு ஒரு டச்சுக்கார இசை ஆராய்ச்சியாளர், 1938 வாக்குல தமிழ்நாடு, கேரளா, கர்நாடகான்னு மெஷினைத் தூக்கிக்கிட்டுச் சுத்திப் பதிவு பண்ணாரு. அவர்கிட்ட படிச்சவர் நசீர் அலி ஜைராஸ்பாய். இவரும் மனைவி ஏமி கேட்லினும் 1984ல அந்தப் பதிவுகளைக் கையோட எடுத்துக்கிட்டு அதே ஊர்களுக்குத் திரும்ப வந்தாங்க. "இது உங்க ஊர்ப் பாட்டு, கேளுங்க"ன்னு போட்டுக் காட்டி, 46 வருஷத்துல எது மாறியிருக்கு, எது மாறலன்னு பார்த்தாங்க.

பதிவை எடுத்துட்டுப் போறவங்க நிறைய பேர், திருப்பிக் கொண்டுவந்து காட்டினவங்க கொஞ்சம் பேர்தான்.

வெளிநாட்டுல கிடக்கிற நம்ம ஒலிப்பதிவோட நகல் நம்ம நாட்டுலயும் இருக்கணும்னு 1982ல ஒரு இசை ஆவணக் காப்பகம் தொடங்கினதும் இந்த ஜைராஸ்பாய்தான். அது இப்ப குருகிராம்ல இருக்கு. குஜராத் சித்திகளோட பாட்டு 2002ல குறுந்தகடா வந்ததுக்கும் இந்தத் தம்பதியோட உழைப்புதான் காரணம்.

12/
இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான கதை. நைட் டியூட்டியில கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறப்ப இதைப் பத்திப் படிச்சேன். அப்புறம் தூக்கம் வரல.

லோரென்சோ டோ டர்னர். கறுப்பின அமெரிக்க மொழியியல் பேராசிரியர். 1930களோட தொடக்கத்துல, அமெரிக்காவுல ஜார்ஜியா, சவுத் கரோலினா கடலோரத் தீவுகள்ல மெஷினோட சுத்துறாரு. அங்க இருக்கிறவங்க அடிமைகளா நெல் வயல்ல வேலை செஞ்ச ஆப்பிரிக்கர்களோட பேரப்பிள்ளைங்க. அவங்க பேச்சைக் "கொச்சை இங்கிலீஷ்"னு எல்லாரும் கேலி பண்ண காலம் அது. இல்ல, இதுல ஆப்பிரிக்க மொழிங்க உயிரோட இருக்குன்னு நிரூபிக்கத்தான் டர்னர் போனாரு.

ஜார்ஜியாவுல ஹாரிஸ் நெக்னு ஒரு ஊர். அமீலியா டாலின்னு ஒரு அம்மா, அவங்க அம்மா கத்துக்கொடுத்த ஒரு சின்னப் பாட்டைப் பாடுறாங்க. இங்கிலீஷ் இல்ல, அர்த்தம் அவங்களுக்கும் தெரியாது. குழந்தைங்களுக்குப் பாடுற பாட்டா அது அந்த வீட்டுல இருந்துச்சு.

13/
சியரா லியோன் நாட்டுக்காரர் ஒருத்தர் பதிவைக் கேட்டுட்டு, இது எங்க மெண்டே மொழின்னு கண்டுபிடிச்சாரு. அப்புறம் பதிவு பெட்டிக்குள்ள போயிடுச்சு.

சுமார் 60 வருஷம் கழிச்சு, ஜோசப் ஓபாலாங்கிற மானுடவியலாளர், சிந்தியா ஷ்மிட்ங்கிற இசை ஆய்வாளர், தாசியெஃப் கொரோமாங்கிற மெண்டே மொழி அறிஞர் மூணு பேரும் சேர்ந்து தேட ஆரம்பிச்சாங்க. ஊர் ஊராப் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டினாங்க. செனெஹுன் இங்கோலான்னு ஒரு குக்கிராமம். பைண்டு ஜபாத்தின்னு ஒரு பெண், பதிவு ஓடிக்கிட்டிருக்கும்போதே கூடச் சேர்ந்து பாடினாங்க.

அவங்க பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். இது சாவுப் பாட்டு. செத்தவங்களை முன்னோர்கிட்ட வழியனுப்புற சடங்குல பெண்கள் பாடுறது. "இந்தப் பாட்டை மறந்துடாதே, தொலைஞ்சுபோன நம்ம சொந்தக்காரங்களை இதை வெச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிக்கணும்"னு பாட்டி சொல்லியிருக்காங்க.

14/
இந்தப் பக்கம் ஜார்ஜியாவுல தேடினா, அமீலியாவோட மகள் மேரி மோரன் இருக்காங்க. சின்ன வயசுல அம்மா பாடின அதே பாட்டு அவங்களுக்கும் ஞாபகம் இருக்கு. நடுவுல சியரா லியோன்ல உள்நாட்டுப் போர், போக முடியல. கடைசியா 1997ல மேரி மோரன் குடும்பத்தோட அந்தக் கிராமத்துக்குப் போனாங்க. ரெண்டு அம்மாக்களும் ஒரே பாட்டைப் பாடினாங்க. 1998ல இது ஆவணப்படமா வந்துச்சு.

அடிமைக் கப்பல்ல ஏறினப்ப துணிமணி போச்சு, பேர் போச்சு, மொழி போச்சு. ஒரு ஒப்பாரி மட்டும் வாயில இருந்துச்சு. அங்க அது தாலாட்டா மாறி, தாய் வழியாவே இறங்கி வந்து, ஒரு ஒலிப்பதிவு மூலமா வீட்டுக்குத் திரும்புச்சு.

முன்னாடி ஒரு கேள்வி கேட்டேனே, அர்த்தம் தெரியாத பாட்டை ஏன் சொல்லித் தரணும்னு? இதுக்குத்தான்.

15/
ஒரு டாக்டரா எனக்கு இதுல ஆச்சரியம் கம்மி. பக்கவாதம் வந்து இடது மூளை அடிபட்டு, பேச்சே போன நோயாளிகளைப் பார்த்திருப்பீங்க. "தண்ணி"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வராது. அவங்கள்ல சில பேருக்கு, தெரிஞ்ச பாட்டை எடுத்துக் கொடுத்தா வார்த்தையோட பாட வரும். இதை வெச்சே 1970கள்ல ஒரு பேச்சுப் பயிற்சி முறை உருவாச்சு. மறதி நோயில பிள்ளைங்க பேரே மறந்த பாட்டி, பழைய பாட்டை முழுசாப் பாடுறதும் உண்டு.

தாளத்தோட கட்டின சொல்லு கழண்டு போறது கஷ்டம். ஒரு வார்த்தை மாறினா தாளம் தட்டும், பக்கத்துல இருக்கிறவங்க திருத்திடுவாங்க. அர்த்தம் போன பிறகும் சத்தம் நிக்கிறது இப்படித்தான்.

16/
இதே மாதிரி ஒரு கதை நம்ம சிதம்பரத்துல ஆயிரம் வருஷமா இருக்கு. தேவாரம் கிடைச்ச கதை. எல்லாருக்கும் பாதி தெரியும்.

ராஜராஜ சோழன் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி துணையோட தில்லைக்கு வர்றார். கோயிலுக்குள்ள பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறாங்க. சுவடிங்களைக் கரையான் அரிச்சுக் கிடக்கு. எண்ணெய் ஊத்தி, புத்தை நீக்கி, மிஞ்சினதை எடுக்கிறாங்க. இது வரைக்கும் தெரியும்.

மீதிப் பாதி: எழுத்து கிடைச்சாச்சு, பண் தெரியல. எந்தப் பதிகத்தை எப்படிப் பாடுறதுன்னு ஓலையில இல்ல. அதுக்கு எங்க போனாங்க? எருக்கத்தம்புலியூர். விருத்தாசலம் பக்கத்துல இருக்கிற ராஜேந்திரப்பட்டினம்தாங்க அது, நம்ம கடலூர் மாவட்டம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அந்தப் பாணர் மரபுல வந்த ஒரு பெண்ணுக்குத்தான் பண் தெரியும்னு, தில்லைக்குக் கூட்டிட்டு வந்து பாட வெச்சுப் பண்ணை வகுத்துக்கிட்டாங்கன்னு திருமுறை கண்ட புராணம் சொல்லுது.

17/
கவனிங்க. ராஜா இருந்தாரு, கோயில் இருந்துச்சு, சுவடி இருந்துச்சு. ஆனா இசை ஒரு பொம்பளையோட தொண்டையில இருந்துச்சு. அந்த அம்மா ஒரு பத்து வருஷம் முன்னாடி காய்ச்சல்ல போயிருந்தா, நமக்கு வெறும் ஓலைதான் மிஞ்சியிருக்கும்.

அரசன் பேர் தெரியும், நம்பி பேர் தெரியும். அந்த அம்மாவை "யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்"ணுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பேரைச் சொல்லி ஒருத்தரும் நான் கேட்டதில்ல.

அமீலியா டாலியோட பேரை டர்னர் எழுதி வெச்சாரு. அதனால அவங்க மகளைக் கண்டுபிடிக்க முடிஞ்சுது. பேர் இல்லாத பதிவு, பேர் ஒட்டாத ரத்த சாம்பிள் மாதிரி. லேப்ல ரிசல்ட் வரும், யாருக்குன்னு தெரியாது.

18/
இப்ப நம்ம வீட்டுக்கு வாங்க. புவனகிரி, காட்டுமன்னார்கோயில், கிள்ளை, பரங்கிப்பேட்டைன்னு எங்க போனாலும் 70 வயசு தாண்டின அம்மாக்களுக்கு மூணு வகைப் பாட்டு தெரியும்: தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி. நடவு மெஷின் இறங்கின வயல்ல நடவுப் பாட்டுக்கு வேலை இல்ல. தாலாட்டு வேலையை யூடியூப் எடுத்துக்கிச்சு. சாவு வீட்டுல ஸ்பீக்கர் வெச்சு, யாரோ ஒருத்தர் பாடின ஒப்பாரியைப் போட்டுடறாங்க.

ஆனா யாரோ பாடினது வேற, உங்க அப்பாயி பாடுறது வேற. அவங்க ஒப்பாரியில உங்க தாத்தா பேர் இருக்கும், உங்க கொல்லை வேப்பமரம் இருக்கும், வித்த காணி இருக்கும், பேசாம போன அண்ணன் தம்பி சண்டை இருக்கும். பத்திரத்துல இல்லாத குடும்ப வரலாறு அதுல இருக்கும்.

19/
"ஒப்பாரியைப் பாடச் சொன்னா திட்டுவாங்க டாக்டர்." தெரியும். சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடினா ஆகாதுன்னு நம்பிக்கை. அதுவும் ஒரு காரணம், இது பதிவாகாமலே போறதுக்கு. பாடுற ஒரே நேரம் சாவு வீடு. அப்ப போனை நீட்டுறது அநாகரிகம், செய்யாதீங்க.

வழி இருக்கு. முதல்ல தாலாட்டைக் கேளுங்க. நம்ம பாட்டிங்களைக் கேட்டா அவங்களே சொல்லுவாங்க, தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மெட்டு ஒட்டித்தான் இருக்கும்னு. ஒண்ணு பாட ஆரம்பிச்சா இன்னொண்ணு தானா வரும். வீட்டுக்குள்ள வேணாம்னா தோப்புக்கோ வயக்காட்டுக்கோ கூட்டிட்டுப் போங்க. மாட்டேன்னு சொன்னா விட்டுடுங்க. அவங்க பாட்டு, அவங்க இஷ்டம்.

20/
எதுக்கு ஒரு டாக்டர் இதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு கேட்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில சாவைச் சொல்ற வேலை எங்களுக்கு அடிக்கடி வரும். இசிஜி நேர்கோடா ஓடுறதைக் காட்டி, நேரம் எழுதி, சொந்தக்காரங்ககிட்ட சொல்லணும். முதல் அழுகை அடங்கின பிறகு, வராண்டாவுல உட்கார்ந்து பையன் போனைத் தடவிக்கிட்டிருப்பான். பல தடவை பார்த்திருக்கேன். போட்டோ தேடல, குரல் தேடுறான். "கேஸ் தீந்துடுச்சு, புக் பண்ணு"ன்னு அம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ், 7 செகண்ட். அதைக் காதுல வெச்சுத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருப்பான். அது இருக்கிறவன் கொடுத்து வெச்சவன்.

2004 டிசம்பர் 26ல இந்தக் கரையில வீட்டோட கேசட்டும் ஆல்பமும் கடலுக்குப் போன குடும்பங்களைக் கேளுங்க. முகம் எதுலயாவது மிஞ்சும், ரேஷன் கார்டுலயாவது. குரல் எங்கயும் மிஞ்சாது.

21/
சரி, வேலைக்கு வருவோம். மருந்துச் சீட்டு மாதிரி எழுதுறேன்.

ஒண்ணு: அனுமதி. ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க கையெழுத்து வாங்குற மாதிரி. "ஆயா, உங்க குரலைப் பிடிச்சு வெச்சுக்கட்டுமா? யாரெல்லாம் கேட்கலாம்?" அவங்க சொல்ற பதிலும் பதிவுல இருக்கட்டும். குடும்பத்துக்கு மட்டும்னு சொன்னா ஸ்டேட்டஸ்ல வைக்கக் கூடாது.

ரெண்டு: சத்தம். ஃபேன், டிவி ஆஃப். போன் ஏரோப்ளேன் மோடு. அவங்க வாயிலிருந்து ஒரு முழம் தூரத்துல, துண்டு மேல போனை வைங்க. கையில பிடிச்சா கரகரப்பு வரும்.

22/
மூணு: முதல் நிமிஷம் விவரம். இதுதான் ரொம்ப முக்கியம். அவங்க வாயாலயே சொல்லட்டும்: பேர், வயசு, பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எப்ப பாடுவாங்க. அப்புறம் நீங்க தேதி, இடம், உங்க பேர் சொல்லுங்க. "பாட்டி பாட்டு புதுசு 2"ன்னு ஃபைலுக்குப் பேர் வெச்சா 20 வருஷம் கழிச்சு உங்க பிள்ளைக்கே அது யாருன்னு தெரியாது.

நாலு: பாட்டு முடிஞ்சதும் நிறுத்தாதீங்க. அடுத்து வர்ற பேச்சுலதான் கதை இருக்கும். "இதை எங்க அம்மா எப்ப பாடினாங்க தெரியுமா..."ன்னு ஆரம்பிப்பாங்க.

அஞ்சு: மூணு இடத்துல நகல். போன்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட ஒண்ணு. வாட்ஸ்அப்ல சாதாரண வாய்ஸ் மெசேஜா அனுப்பாம, டாக்குமெண்ட்டா அனுப்புங்க, தரம் குறையாது.

23/
உங்க சொந்தத்துல யாராவது மலேசியா, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, ரீயூனியன்னு தலைமுறை தலைமுறையா இருந்தா, அவங்க பாட்டி பாட்டையும் கேட்டு வாங்குங்க. அர்த்தம் தெரியலன்னு அவங்க சொன்னா இன்னும் நல்லது, விடாதீங்க. இங்க ஏதாவது ஒரு கிராமத்துல கூடச் சேர்ந்து பாட ஒரு அம்மா இருக்கலாம். செனெஹுன் இங்கோலாவுல இருந்த மாதிரி.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிடறேன். ஒப்பாரி பாடுறதும் மேளம் அடிக்கிறதும் கீழான வேலைன்னு சொல்லிச் சொல்லியே அந்த மக்களை வாய் மூட வெச்ச ஊர் நம்ம ஊர். அமெரிக்காவுல "கொச்சை"ன்னு ஒதுக்கின மாதிரியேதான். அதனால பறை அடிக்கிற அண்ணன்கிட்டயும் மாரடிச்சுப் பாடுற அக்காகிட்டயும் பதிவுக்குப் போறீங்கன்னா, பேரை முழுசா எழுதுங்க, மரியாதையோட உட்காருங்க, நேரத்துக்குக் காசு கொடுங்க, ஒரு நகல் அவங்க கையில கொடுத்துட்டு வாங்க.

24/
அடுத்த வாரம் பொங்கலோ தீபாவளியோ வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க. வயசானவங்க விஷயத்துல "அடுத்த லீவுக்கு"ங்கிற வார்த்தை எப்படி முடியும்னு நான் தினமும் பார்க்கிறேன். இந்த ஞாயித்துக்கிழமை போதும். அரை மணி நேரம்.

பதிவு பண்ணவங்க கமெண்ட்ல பாட்டைப் போட வேணாம். பாடினவங்க பேரையும் ஊரையும் மட்டும், அவங்க சம்மதிச்சா, எழுதுங்க. நான் ஒவ்வொண்ணா படிப்பேன்.

நாளைக்கு வழக்கம்போல: மழைக்காலக் காய்ச்சல்ல எப்ப ரத்தப் பரிசோதனை எடுக்கணும்னு எழுதுறேன். கொசு வலை கட்டிட்டுத் தூங்குங்க.